ஆரிகன் நாட்டு மக்லாக்லின்

இரண்டு குடியானவர்களுக்கிடையே வரப்புத் தகராறு நேர்ந்தால் அதனைத் தீர்த்துவைக்க ஊர்ப் பெரியவர்கள் உளர். அவர்களால் இயலாவிடின் நியாயஸ்தலம் உண்டு. இரண்டு வல்லரசுகளுக்கிடையே வரப்புத் தகராறு நேர்ந்தால் தீர்த்துவைப்பார் யாவர்? பெரும்பாலும் பீரங்கிகளே அவ்வேலையைச் செய்துவந்திருக்கின்றன என்பதைச் சரித்திரம் பயிலும் மாணவர் அனைவரும் அறிவர். அங்ஙனமன்றி, ஒரு பெருநிலப்பரப்பை இரு அரசுகள் 28 ஆண்டுகள் பொதுவில் வைத்திருந்து, இறுதியில் போரின்றிப் பங்கிட்டுக்கொண்ட வரலாறும் ஒன்றுண்டு. வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஆரிகன் நாட்டின் வரலாறே அது. அந்த உடன்படிக்கையில் கையொப்பமிட்ட மந்திரிகளின் பெயர்களைச் சரித்திர நூல்களில் எளிதிற் காணலாம். ஆனால், எந்தக் கடிதத்திலும் கையொப்பமிடாமல், அவ்வெல்லைப்புறத்தில் 20 ஆண்டுகளுக்கு மேல் நின்று, இரு தேசத்தாரும் ஒருவர் குரல்வளையை ஒருவர் நெரிக்காதபடி பார்த்துக்கொண்ட மனிதர் ஒருவர் இருந்தார். அவரே டாக்டர் ஜான் மக்லாக்லின். அவருடைய வாழ்க்கையை ஈண்டுச் சுருக்கமாக எடுத்துரைக்க முற்படுகின்றோம்.

மக்லாக்லின் 1784-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 19-ஆம் தேதி, கானடாவில் க்யூபெக் பகுதியைச் சேர்ந்த ரிவியேர்-டு-லூப் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையைப் பெற்ற பாட்டனார் அயர்லாந்திலிருந்து வந்தவர். தாயார் ஸ்காத்லாந்து வமிசத்துப் பிரேஸர் குடும்பத்தினர். சுற்றிலும் பேசப்பட்டதோ பிரெஞ்சு மொழி. ஆகவே, ஒரே தேசத்துக்கோ ஒரே பாஷைக்கோ உரியவராக அவர் பிறக்கவில்லை. 1798-ல், தமது 14-ஆம் வயதில், க்யூபெக் நகரத்து வைத்தியர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். 1803-ல் வைத்தியம் செய்வதற்குரிய அனுமதிப் பத்திரம் பெற்றார். பத்தொன்பதே வயது நிரம்பாத அவ்விளைஞர் நகரத்தில் மருந்துப் பெட்டியுடன் அமரவில்லை. வடமேற்குக் கும்பெனி என்னும் தோல் வியாபாரச் சங்கத்தில் வைத்தியராக அமர்ந்து, சுபீரியர் ஏரிக்கரையிலிருந்த வில்லியம் கோட்டைக்குச் சென்றார்.

அக்காலத்தில் ஐரோப்பியச் சீமான்கள் அணிந்த தொப்பிகள் பீவர் என்னும் விலங்கின் மென்மயிரால் ஆனவை. அவ்விலங்கின் தோலுக்காக இரண்டு கும்பெனிகள் வட அமெரிக்கக் காடுகளில் போட்டியிட்டன. ஒன்று மேற்கூறிய வடமேற்குக் கும்பெனி. மற்றொன்று 1670-ல் இங்கிலாந்து அரசரின் சாஸனம் பெற்ற ஹட்ஸன் குடாக் கும்பெனி. நம் நாட்டில் கிழக்கிந்தியக் கும்பெனியார் வியாபாரம் தொடங்கி ஆட்சியில் முடித்தது போலவே, அங்கும் கணக்குப் புத்தகமும் அதிகாரக் கோலும் ஒரே கையில் இருந்தன. நீதிபதியும் காவலரும் இல்லாத காட்டில் வியாபாரப் போட்டி எவ்வாறு முடியும் என்பதை 1816-ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டு ஸெவன் ஓக்ஸ் என்னுமிடத்தில் இரு கட்சியாருக்கும் நடந்த கைகலப்பில் 20-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் தொடர்பாக மக்லாக்லினும் கைது செய்யப்பட்டார். விசாரணைக்காகக் கிழக்கே கொண்டுசெல்லப்படும் வழியில் ஓடம் கவிழ்ந்து பலர் ஏரியில் மூழ்கினர். அவர் அரிதில் உயிர் தப்பினார். 1818-ல் நடந்த விசாரணையில் குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டார். 1821-ல் இரு கும்பெனிகளும் ஹட்ஸன் குடாக் கும்பெனி என்ற பெயரில் ஒன்றாயின. சட்டம் எட்டாத இடத்தில் இரத்தம் சிந்தத் தொடங்கினால் யாருக்கும் இலாபமில்லை என்னும் பாடத்தை அவர் தமது நடுவயதுக்குள் நேரிற் கண்டு கற்றுக்கொண்டார் எனலாம். அப்பாடம் பின்னர் அவருக்குப் பெரிதும் பயன்பட்டது.

நிற்க. ஆரிகன் நாடு யாது, அதன்மீது யார் யார் உரிமை பாராட்டினர் என்பதை இங்கே அறிந்துகொள்ளல் வேண்டும். ராக்கி மலைகளுக்கு மேற்கே, பசிபிக் சமுத்திரம் வரை, தெற்கே 42-ஆம் அட்சரேகை முதல் வடக்கே 54 பாகை 40 கலை வரை பரந்து கிடந்த நிலமே அக்காலத்து ஆரிகன். ஸ்பெயின் 1819-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தென்னெல்லையோடு நின்றுவிட்டது. ருஷியா 1824, 1825-ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் வடவெல்லைக்கு அப்பால் ஒதுங்கிற்று. எஞ்சிய போட்டியாளர் பிரிட்டனும் அமெரிக்க ஐக்கிய நாடுகளுமே. அமெரிக்கர், தம் கப்பல் தலைவர் ராபர்ட் கிரே 1792-ல் கொலம்பியா ஆற்றின் முகத்துவாரத்துள் புகுந்ததையும், லூயிஸ், கிளார்க் என்னும் இருவர் 1805-ல் தரைவழியே அவ்விடம் சேர்ந்ததையும் எடுத்துக்காட்டினர். பிரிட்டிஷார், 1778-ல் குக் கரையோரம் சென்றதையும், 1792-ல் வான்கூவர் அளவெடுத்ததையும், 1793-ல் மெக்கன்ஸி மலை கடந்து கடல் கண்டதையும் சான்றாக வைத்தனர். வழக்கு முடியாமையால், 1818-ல் இரு அரசுகளும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி, அந்நிலம் 10 ஆண்டுகளுக்கு இரு நாட்டுக் குடிகளுக்கும் திறந்திருக்கும். 1827-ல் அவ்வொப்பந்தம், ஓராண்டு முன்னறிவிப்புக் கொடுத்து எவரும் விலகலாம் என்ற நிபந்தனையோடு, காலவரையின்றி நீட்டப்பட்டது. சினூக், கலபூயா முதலிய பழங்குடியினர் எண்ணற்ற தலைமுறைகளாக வாழ்ந்துவந்த நிலம் அது. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று இரு அரசுகளுள் எதற்கும் தோன்றவில்லை.

இத்தகைய நாட்டுக்குத்தான் கும்பெனியார் 1824-ல் மக்லாக்லினைத் தலைமை அதிகாரியாக அனுப்பினர். மேலதிகாரியாகிய ஜார்ஜ் ஸிம்ப்ஸனும் உடன் வந்தார். கொலம்பியா ஆற்றின் தென்கரையில் முகத்துவாரத்தருகே இருந்த பழைய கோட்டையை விட்டு, கடலிலிருந்து ஏறக்குறைய 100 மைல் உள்ளே, வடகரையில் 1825-ல் புதுக்கோட்டை எழுப்பினர். அதற்கு வான்கூவர் கோட்டை என்று பெயர். இக்காலத்துக் கானடாவிலுள்ள வான்கூவர் நகரம் வேறு. இது வாஷிங்டன் ராஜ்யத்திலுள்ளது. வடகரையைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு கருத்திருந்தது. எல்லை வகுக்கும் நாள் வரும்போது கொலம்பியா ஆறே எல்லையாகும். தென்பகுதி அமெரிக்கருக்கும் வடபகுதி பிரிட்டிஷாருக்கும் போகும் என்று கும்பெனியார் கணக்கிட்டனர். ஆகவே, நாற்றங்காலைத் தம் பக்கத்து வரப்புக்குள் போட்டுக்கொண்டனர்.

மக்லாக்லின் ஆறடி நான்கு அங்குல உயரமுடையவர். இளமையிலேயே வெண்மையாகித் தோளில் புரண்ட தலைமயிரைக் கண்ட பழங்குடியினர் அவரை வெண்தலைக் கழுகு என்று அழைத்தனர். அவருடைய ஆட்சியில் கோட்டையைச் சுற்றி வயல்களும் பழத்தோட்டங்களும் மாவரைக்கும் ஆலையும் மரமறுக்கும் ஆலையும் தோன்றின. பிரெஞ்சுக் கானடியர், ஸ்காத்லாந்தினர், ஹவாய்த் தீவினர், பற்பல குலத்துப் பழங்குடியினர் என்றிவர்கள் அனைவரும் அங்கு வேலை செய்தனர். அவருடைய மனைவியார் மார்கரெட் அம்மையார், சுவிட்ஜர்லாந்துத் தந்தைக்கும் பழங்குடித் தாய்க்கும் பிறந்தவர். முன்னரே கணவரை இழந்தவர். 1836-ல் கோட்டைக்கு வந்த ஆங்கிலேய குரு ஒருவர், காட்டு வழக்கப்படி நடந்த இவ்விவாகத்தை இழிவாகக் குறிப்பிட்டுச் சீமைக்குக் கடிதம் எழுதினார். அதனை அறிந்த மக்லாக்லின் 1838-ல் அவரைக் கோட்டை முற்றத்திலேயே கைத்தடியால் அடித்தார். குருவை அடித்தது தவறே. மறுநாள் அவரே வருத்தம் தெரிவித்ததாகவும் அறிகின்றோம். ஆயினும், பிறர் இகழ்ந்த ஒரு பெண்மணியின் மானத்தைத் தம் மானமாகக் கொண்ட நெஞ்சம் அச்செயலில் புலப்படாமற் போகாது.

அவரைக் குறையற்றவராகக் காட்ட நாம் விரும்பவில்லை. பழங்குடியினரிடம் கொடுக்கல் வாங்கலில் நேர்மையாக நடந்தார். சாராய விற்பனையை இயன்றவரை தடுத்தார். ஆனால், 1828-ல் கும்பெனி ஆட்கள் ஐவர் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்க அவர் அனுப்பிய படை, கிளாலம் குலத்தார் பலரைக் கொன்று ஊரையும் கொளுத்திற்று. 1830 முதல் ஆண்டுதோறும் பரவிய மலேரியாக் காய்ச்சல், கொலம்பியா, வில்லாமெட் ஆற்றோரங்களில் வாழ்ந்த பழங்குடியினரில் மிகப் பெரும்பாலோரை வாரிக்கொண்டு போயிற்று. வைத்தியராகிய அவர் தம்மாலான மருந்து கொடுத்தும் அப்பேரழிவைத் தடுக்க முடியவில்லை. பின்னால் வந்த குடியேற்றக்காரர் கண்டு வியந்த வெற்று நிலம், இயற்கையாகவே வெறுமையாய் இருந்த நிலமன்று. சாவு வெறுமையாக்கிய நிலம்.

இனி, எதிர்க்கட்சியாராகிய அமெரிக்கர் அக்கோட்டை வாயிலுக்கு வந்த கதையைக் காண்போம். 1828-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஜெடிடையா ஸ்மித் என்னும் அமெரிக்க வேட்டைத் தலைவர் தம் கூட்டத்தாரில் மூவரைத் தவிர மற்றெல்லோரையும் அம்க்வா ஆற்றங்கரையில் பறிகொடுத்து, உடுத்த துணியுடன் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். வியாபாரத்தில் அவர் பகைவர். அவருக்கு மக்லாக்லின் உணவும் உறையுளும் அளித்ததுடன், ஆட்களை அனுப்பிக் கொள்ளைபோன தோல்களில் பெரும்பகுதியை மீட்டுத் தந்தார். கும்பெனி அவற்றை விலைகொடுத்து வாங்கிக்கொண்டது. 1832-லும் 1834-லும் நதானியேல் வயத் என்னும் வணிகர் போட்டிக் கடை வைக்க வந்தார். வியாபாரத்தில் அவருக்கு விட்டுக்கொடாமல் அவரை வெளியேறச் செய்த மக்லாக்லின், உணவு மேசையில் அவரைச் சகோதரனைப் போல நடத்தினார். தராசைப் பிடிக்கும் கை வேறு, அன்னமிடும் கை வேறு என்பதே அவர் கொள்கை போலும்.

1834-ல் ஜேஸன் லீ என்னும் மெதடிஸ்டு மிஷனெரியும், 1836-ல் விட்மன், ஸ்பால்டிங் என்னும் மிஷனெரிமாரும் வந்தனர். பின்னவ்விருவரின் மனைவியரே ராக்கி மலைகளைக் கடந்த முதல் வெள்ளைப் பெண்மணிகள். அனைவரும் வான்கூவர் கோட்டையின் விருந்தினராயினர். ஜேஸன் லீயை மக்லாக்லின் வில்லாமெட் பள்ளத்தாக்கில் குடியேறும்படி யோசனை கூறினார். அப்பள்ளத்தாக்கு கொலம்பியாவின் தென்பால் உள்ளது என்பதை நாம் மறத்தலாகாது. விருந்தோம்பலோடு விவேகமும் அவரிடம் இருந்தது. அமெரிக்கர் வரத்தான் போகின்றனர். வருவோர் ஆற்றுக்குத் தென்கரையில் தங்கட்டும் என்று அவர் கருதினார். வேலையினின்று ஓய்வுபெற்ற தம் பிரெஞ்சுக் கானடிய ஊழியர்களையும் அவர் அங்கேயே உழுது பயிரிட விட்டார்.

குடிகளை நிறுத்தினால் நிலம் நமதாகும் என்னும் உபாயத்தைக் கும்பெனியாரும் கையாண்டு பார்த்தனர். 1841-ல் கானடாவின் ரெட் ரிவர் பகுதியிலிருந்து 20-க்கு மேற்பட்ட குடும்பங்களை மலை கடத்திக் கொணர்ந்து, ஆற்றுக்கு வடக்கே குடியேற்றினர். அங்கே நிலம் கும்பெனிக்கே உரியது. குடிகள் வாரத்துக்கு உழவேண்டும். தென்கரையிலோ உழுதவனுக்கே நிலம். அக்குடும்பங்களிற் பல சில ஆண்டுகளுக்குள் தென்கரைக்கே போய்விட்டன. சொந்த நிலம் என்னும் ஆசைக்கு முன் கும்பெனியின் கட்டளை நில்லாது போயிற்று.

1843-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் வழக்கின் போக்கே மாறிற்று. மிஸ்ஸௌரி நாட்டிலிருந்து ஏறக்குறைய 2,000 மைல் மாட்டு வண்டிகளில் பயணம் செய்து, சுமார் 900 அமெரிக்கர் ஒரே கூட்டமாக வந்து சேர்ந்தனர். கொண்டுவந்த தானியம் தீர்ந்துவிட்டது, மாடுகள் மாண்டன, குளிர்கால மழை தொடங்கிவிட்டது, கொலம்பியாவின் மலையிடுக்கைத் தெப்பங்களில் கடக்கவேண்டும். பெண்டிரும் பிள்ளைகளும் நோயும் பட்டினியுமாய்க் கரையில் நின்றனர். நெல்லும் படகும் துணியும் விதையும் அந்நாட்டில் ஒரே இடத்தில்தான் இருந்தன என்று நம்மூர் வழக்கிற் கூறலாம். அங்கே நெல்லுக்குப் பதில் கோதுமை. அவ்விடம் மக்லாக்லினின் பண்டகசாலை.

இங்கேதான் அவர் வாழ்க்கையின் பெருஞ்சோதனை நேர்ந்தது. அவர் பிரிட்டிஷ் குடி. பிரிட்டிஷ் கும்பெனியின் ஊழியர். இவர்கள் நிலைத்தால் நாடு அமெரிக்கருடையதாகும் என்பதை அவர் அறியாதவரல்லர். கதவைச் சாத்திக்கொண்டால் போதும். சட்டப்படி யாரும் அவரைக் குறைகூற முடியாது. அவரோ படகுகளை அனுப்பினார். நோயாளிகளைக் கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். கையில் காசில்லாதவருக்கும் உணவும் உடையும் கடனாகக் கொடுத்தார். விளைந்தபின் திருப்பித் தருமாறு விதைக் கோதுமை அளித்தார். 1844-ல் அதனினும் பெருங்கூட்டம் வந்தது. 1845-ல் வந்தோர் சுமார் 3,000. ஒவ்வோராண்டும் அவ்வாறே செய்தார். அவர் இறந்தபின் அவருடைய காகிதங்களிடையே அகப்பட்ட ஓர் அறிக்கையில் தம் செயலுக்குரிய காரணங்களை எழுதியிருந்தார். இடருற்றவருக்கு உதவுவது கிறிஸ்தவன் கடமை என்பது ஒன்று. பசித்த குழந்தைகளை உடைய ஆயுதபாணிகள் நிறைந்த பண்டகசாலையைக் கண்டு சும்மா இருக்கமாட்டார்கள். அங்கு ஒரு துப்பாக்கி வெடித்தால் இரு தேசங்களும் போரில் இறங்கும் என்பது மற்றொன்று. ஸெவன் ஓக்ஸில் நிகழ்ந்ததை அவர் மறக்கவில்லை என்பது நம் கருத்து.

அவருடைய மேலதிகாரிகள் இதனை வேறு விதமாக எடைபோட்டனர். ஸிம்ப்ஸனுக்கும் அவருக்கும் முன்னரே மனக்கசப்பு முற்றியிருந்தது. 1842-ஆம் ஆண்டு ஏப்ரலில் அலாஸ்காக் கரையிலிருந்த ஸ்டிகீன் கோட்டையில், அதன் தலைவராயிருந்த மக்லாக்லினின் மகன் ஜான், தன்கீழ் வேலை செய்த ஆட்களாலேயே சுட்டுக் கொல்லப்பட்டான். சில நாட்களுக்குள் அவ்விடம் வந்த ஸிம்ப்ஸன், கொலையுண்டவனின் குடியும் கொடுமையுமே காரணமென்று அவசரமாக முடிவுசெய்து, கொன்றவர்களைத் தண்டிக்க முயலாமல் சென்றார். தந்தை ஆண்டுக்கணக்கில் சாட்சியங்களைத் திரட்டி, மகன் குடிகாரனல்லன் என்று நிலைநாட்ட முயன்றார். கும்பெனிக்கு அடுக்கடுக்காகக் கடிதங்கள் எழுதினார். பயனில்லை. அமெரிக்கருக்குக் கொடுத்த கடன்களும் சேர்ந்துகொள்ள, 1845-ல் அவருடைய தனியதிகாரம் நீக்கப்பட்டு, மூவர் கொண்ட குழுவில் அவரும் ஒருவராக்கப்பட்டார். அவ்வாண்டில் பிரிட்டிஷ் அரசாங்கம் வேவு பார்க்க அனுப்பிய இராணுவ உத்தியோகஸ்தர் இருவரும், அமெரிக்கர் அந்நாட்டில் நிலைபெற்றதற்கு அவர் உதவியே காரணம் என எழுதினர். வில்லாமெட் பள்ளத்தாக்கிலோ, அவர் பிரிட்டிஷ் கும்பெனியின் கைக்கூலி என்று தூற்றுவோர் இருந்தனர். மத்தளத்துக்கு இருபுறமும் இடி என்பது இதுவே.

குடியேறியவர்கள் 1843-ஆம் ஆண்டு மே மாதம் சாம்போயெக் என்னுமிடத்தில் கூடித் தற்காலிக அரசாங்கம் ஒன்றை அமைத்துக்கொண்டனர். தொடக்கத்தில் மக்லாக்லின் அதற்கு உடன்படவில்லை. ஆனால் 1845-ல், அமெரிக்கக் குடியானாலும் பிரிட்டிஷ் பிரஜையானாலும் அவரவர் தத்தம் தேசத்துக்குரிய கடமைக்கு முரணாகாத அளவில் இவ்வரசுக்கு அடங்கி நடக்கலாம் என்று பிரமாண வாசகம் திருத்தப்பட்டபோது, அவரும் டக்ளஸ் என்னும் உடனதிகாரியும் கும்பெனியின் சார்பில் அதில் சேர்ந்தனர். வாஷிங்டனிலும் இலண்டனிலும் ராஜதந்திரிகள் தீர்க்க முடியாமல் வைத்திருந்த முடிச்சை, எல்லைப்புறத்து உழவரும் வியாபாரிகளும் ஒரு வாக்கியத்தால் சற்றே தளர்த்தினர்.

ராஜதந்திரிகளின் பேச்சு எவ்வாறு நடந்தது? 49-ஆம் அட்சரேகையைக் கடல்வரை நீட்டுக என்றனர் அமெரிக்கர். அக்கோடு கொலம்பியாவைத் தொடும்வரை சரி. அதன்பின் ஆறே எல்லை என்றனர் பிரிட்டிஷார். உண்மையில், வழக்கு ஆற்றுக்கும் அக்கோட்டுக்கும் இடைப்பட்ட நிலத்தைப் பற்றியதே. 1844-ல் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட போல்க் என்பாரின் கட்சியினர், 54 பாகை 40 கலை வரை முழுவதும் எமதே என்று முழங்கினர். 1846 ஏப்ரலில் அமெரிக்கக் காங்கிரஸ் ஒப்பந்த முறிவுக்கு முன்னறிவிப்புக் கொடுக்க அனுமதித்தது. போர் மேகம் சூழ்ந்தது. ஆனால், மே மாதம் அமெரிக்கா மெக்ஸிகோவோடு போர் தொடங்கிவிட்டது. ஒரே காலத்தில் இரு போர்கள் கூடா. பிரிட்டனிலோ தானியச் சட்டத்தை நீக்கும் கிளர்ச்சி மந்திரிசபையையே ஆட்டிக்கொண்டிருந்தது. பீவர்த் தொப்பியின் நாகரிகமும் மறைந்துவந்தது. கும்பெனியாரும் 1843-லேயே வான்கூவர் தீவில் விக்டோரியாக் கோட்டையைக் கட்டி வடக்கே நகரத் தொடங்கிவிட்டனர். இக்காரணங்கள் ஒருங்கு கூடி, 1846 ஜூன் 15-ஆம் தேதி வாஷிங்டனில் புக்கானன், பாக்கன்ஹாம் என்னும் இருவர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். 49-ஆம் அட்சரேகையே எல்லை. வான்கூவர் தீவு முழுவதும் பிரிட்டனுக்கு. கும்பெனியின் சொத்துரிமை மதிக்கப்படும் என்பன அதன் சாரம். தீவுகளிடையே எந்தக் கால்வாய் எல்லை என்பது தெளிவின்றி விடப்பட்டமையால், 1859-ல் ஸான் ஹுவான் தீவில் ஒரு பன்றி சுடப்பட்டதன்பேரில் மீண்டும் படைகள் எதிரெதிர் நின்றன. 1872-ல் ஜெர்மானியச் சக்கரவர்த்தியின் மத்தியஸ்தத்தால் அதுவும் அமெரிக்கருக்குச் சாதகமாகத் தீர்ந்தது.

இவ்வுடன்படிக்கை முடிவதற்குள் மக்லாக்லின் கும்பெனிச் சேவையை விட்டு நீங்கிவிட்டார். 1846-ன் தொடக்கத்தில் வில்லாமெட் நீர்வீழ்ச்சியருகே, தாம் 1829 முதல் உரிமை கொண்டாடி, 1842-ல் மனை வகுத்த ஆரிகன் சிட்டியில் குடிபுகுந்தார். அந்நிலத்தைப் பற்றியும் வழக்கு. அவருடைய உதவி பெற்று அங்கே கட்டிடம் எழுப்பிய மெதடிஸ்டு மிஷனைச் சேர்ந்தோர், பின்னர் அந்நிலத்துக்கே உரிமை பாராட்டினர். 1844-ல் பணமும் மனைகளும் கொடுத்து அவர் அதனைத் தீர்த்துக்கொண்டார். மிஷனெரிமாரின் தியாகத்தைப் போற்றும் நாம், அவர்கள் வழுவிய இடத்தை மறைப்பது நேர்மையாகாது.

அதனினும் பெரிய அநீதி சட்ட உருவில் வந்தது. 1850-ல் அமெரிக்கக் காங்கிரஸ் ஆரிகனில் குடியேறிய வெள்ளையருக்கு நிலதானச் சட்டம் இயற்றிற்று. அதன்படி அங்கு முன்னரே குடியேறியிருந்தோருள் மணமாகாத ஆண்மகன் 320 ஏக்கரும், தம்பதிகள் 640 ஏக்கரும் இலவசமாகப் பெற்றனர். அதே சட்டத்தின் 11-ஆம் பிரிவு, மக்லாக்லினின் ஆரிகன் சிட்டி நிலத்தை அவரிடமிருந்து நீக்கிச் சர்வகலாசாலைக்கென்று ஒதுக்கிற்று. அப்பிரதேசத்தின் பிரதிநிதியாகிய ஸாமுவேல் தர்ஸ்டன், அவர் அமெரிக்கருக்குப் பகைவரென்று வாஷிங்டனில் வாதித்ததன் விளைவு அது. அவரோ 1849-லேயே அமெரிக்கக் குடியாக விருப்பம் தெரிவித்திருந்தார். 1851-ல் குடியுரிமையும் பெற்று, அவ்வாண்டில் ஆரிகன் சிட்டியின் நகரத் தலைவராகவும் ஊராரால் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருடைய விதையை விதைத்தவர்கள் நிலத்துக்கு உடையவர்களாயினர். விதை கொடுத்தவர் நிலமற்றவரானார். வீட்டை விட்டு அவரை யாரும் துரத்தவில்லை. ஆனால் உரிமைப் பத்திரமின்றி, விற்கவும் இயலாமல், கொடுத்த கடன்களில் பல திரும்பாமல், 1857 செப்டம்பர் 3-ஆம் தேதி தமது 72-ஆம் வயதில் அவ்வீட்டிலேயே காலமானார்.

நீதி தாமதித்தே வந்தது. 1862-ல் ஆரிகன் சட்டசபை, 1,000 டாலர் பெற்றுக்கொண்டு அந்நிலத்தை அவர் வாரிசுகளுக்குத் திருப்பித் தந்தது. 1953-ல் ஆரிகன் ராஜ்யத்தார் வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் மாளிகைக்கு இரு சிலைகளை அளித்தனர். ஒன்று ஜேஸன் லீயினுடையது, மற்றொன்று மக்லாக்லினுடையது. 1957-ல், அவர் இறந்து 100 ஆண்டுகள் கழிந்தபின், ஆரிகனின் தந்தை என்னும் பட்டம் சட்டசபையால் வழங்கப்பட்டது. அவர் வாழ்ந்த வீடு 1909-ல் வேறிடத்துக்கு மாற்றப்பட்டுப் பாதுகாக்கப்பட்டுள்ளது. அவருடைய கல்லறையும் அவர் மனைவியாரின் கல்லறையும் இன்று அதனருகே உள்ளன.

ஆயினும், நீதி எல்லோருக்கும் வரவில்லை. கலபூயா முதலிய வில்லாமெட் பள்ளத்தாக்கின் பழங்குடியினர் 1855-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தம் நிலத்தைக் கைவிட்டு, 1856-ல் கிராண்ட் ராண்ட் என்னும் ஒதுக்கிடத்துக்குக் கொண்டுபோகப்பட்டனர். இரு வல்லரசுகள் சமாதானமாகப் பங்கிட்டுக்கொண்டன என்று மகிழும்போது, பங்கிடப்பட்ட பொருள் யாருடையது என்று கேட்பதும் சரித்திர மாணவரின் கடமையாகும்.

மக்லாக்லின் தம் எஜமானர்களுக்கு இரண்டகம் செய்தாரா என்னும் கேள்வி இன்றும் எழுவதுண்டு. கும்பெனியின் கோதுமையை எதிரிக்கு வழங்கினார் என்பது உண்மை. ஆனால், வழங்காமலிருந்தால் எல்லைக்கோடு வேறிடத்தில் விழுந்திருக்குமா? குடியேறியவரில் மிகப் பெரும்பாலோர் அவர் காட்டிய தென்கரையிலேயே தங்கினர். வழக்கிலிருந்த வடகரையில் 1846-ல் இருந்த அமெரிக்கக் குடும்பங்கள் மிகச் சிலவே. கோட்டை வகுத்தவை வாஷிங்டன், இலண்டன் நகரங்களின் தேவைகள். அவர் கதவைச் சாத்தியிருந்தால் எல்லை மாறியிருக்காது; கொலம்பியாக் கரையில் சில நூறு பிணங்கள் கூடியிருக்கும்; அப்பிணங்களைக் காட்டிப் போர் கேட்போர் இரு தேசத்திலும் கிளம்பியிருப்பர். சமாதானம் செய்தவர்கள் மந்திரிகளே. அந்தச் சமாதானம் வரும்வரை எல்லைப்புறத்தை எரியாமல் காத்தவர் இவர்.

தேசத்துக்குரிய கடமையும் பசித்தவனுக்குரிய கடமையும் எதிரெதிரே நிற்கும் வேளை எவர் வாழ்விலும் வரலாம். அவ்வேளையில் மக்லாக்லின் வாயிற்கதவைத் திறந்தார். அதற்குரிய விலையைத் தம் உத்தியோகத்தாலும் நிலத்தாலும் கொடுத்தார். இக்கலாசாலையை விட்டுப் பல திசைகளிலும் அதிகாரம் வகிக்கச் செல்லும் நம் மாணவ நண்பர்கள், பண்டகசாலைத் திறவுகோல் தம் கையில் இருக்கும் நாளில் இப்பெரியாரை ஒருமுறை நினைவு கூர்வாராக.